பக்கத்து அறை அமீனா

எசென்கெல்தி இடது கையால் பவுர்சாக் பணியாரத்தைப் பால்தேநீரில் தோய்த்தபடியே, வலது கையின் ஒற்றை விரலால் கணினியில் தட்டி வங்கிக் கணக்குகளை முடக்குகிறார். இவர் ஒரு தட்டு தட்டினால் ஊரில் யாரோ ஒருத்தியின் அட்டை கடைவாசலில் செத்துவிடும். எண்ணெய் விரலைத் துடைக்கத் துணி தேடமாட்டார். ஜனங்கள் கொடுத்த மனுக்கள் மேசையில் ஏராளம்.

தராஸ் நகரச் சந்தைக்குப் பின்னால் உள்ள கட்டடத்தில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த அறை. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவர் உரிமம் வாங்கிய தனியார் அமீனா. கோர்ட்டில் தோற்றவர்களிடம் கடனை வசூலித்தால் அதில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. என்னிடம் எடுக்கும் நகலுக்கு மட்டும் காசு கிடையாது. “அரசாங்க வேலை, குல்பாரம். அரசாங்கத்துக்கிட்டயா காசு கேப்ப?” என்பார். பங்கு வாங்கும்போது அந்த அரசாங்கம் எங்கே போகிறதோ தெரியாது.

வருகிறவர்களுக்கு அவர் அறையில் நாற்காலி இல்லை. “உக்காந்தா அழுவாங்க. நின்னா கால் வலிச்சுப் போயிடுவாங்க.” இதை ஒரு கண்டுபிடிப்பைப் போலச் சொல்வார்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் உல்போசின் அங்கே மூன்று தடவை வந்து நின்றாள். புருஷனின் டிராக்டர் கடனுக்கு ஜாமீன் போட்டவள். அவன் ரஷ்யாவுக்குப் போய்த் தொலைந்ததில் கடன் இவள் தலையில் விழுந்தது. அதை அவள் மறுக்கவில்லை. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளத்தான் சொன்னாள். எசென்கெல்தி அதோடு நிற்காமல் அவளுடைய இன்னொரு கணக்கையும் ஜப்தி செய்து வழித்துவிட்டார். மகள் இன்காருக்கு வலிப்பு நோய். அதற்காக அரசு தரும் உதவித்தொகை விழும் கணக்கு அது. அந்தப் பணத்தை எந்த அமீனாவும் தொடக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவருக்கு அது தெரியாமல் இல்லை.

“அது பிள்ளைக் காசு, அண்ணே. அதுல வேற காசு எதுவும் வராது. வங்கியில எழுதிக் குடுத்திருக்காங்க, பாருங்க.”

“கணக்கு யார் பேர்ல இருக்கு?”

“என் பேர்லதான். அவளுக்கு ஒம்பது வயசு.”

“அப்ப உன் காசுதான். நோட்டு மேல பிள்ளை பேரா எழுதியிருக்கு, தங்கச்சி?”

சொல்லிவிட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த நானும் கேட்கும்படி சிரித்தார். இரண்டாம் தடவை அடுத்த வாரம் வரச் சொன்னார். மூன்றாம் தடவை தலையே நிமிரவில்லை. மாத்திரை வாங்க நான் கொடுத்த பணம் ஐந்து நாளைக்குத்தான் வந்தது. ஏழாம் நாள் இன்கார் பள்ளிக்கூடப் படிக்கட்டில் வலிப்பு வந்து விழுந்தாள். நெற்றியில் நான்கு தையல்.

மறுநாள் உல்போசின் அவர் அறைக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தாள்.

“அக்கா, கோர்ட்டுக்கு மனு எழுதத் தெரியுமா?”

எழுதினேன். தேநீர்க் கோப்பையோடு எசென்கெல்தி வாசலில் வந்து நின்றார்.

“கோர்ட்டுக்கா? போ, போ. அங்க நாற்காலியாவது போடுவாங்க.”

“நான் உக்கார வரல, அண்ணே,” என்றாள் உல்போசின்.

விசாரணைக்கு அவளோடு நானும் போனேன். உதவித்தொகையைத் தவிர அந்தக் கணக்கில் வேறு என்ன பணம் வந்தது என்று நீதிபதியம்மாள் கேட்டார். எசென்கெல்தி வழக்குக் கோப்பின் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். எச்சில் தொட்டுத் தொட்டு மறுபடி புரட்டினார். அதில் இல்லாதது எத்தனை தடவை புரட்டினாலும் வருமா? முடக்கத்தை நீக்கி, எடுத்த பணம் முழுவதையும் மூன்று நாளில் திருப்பித் தரச் சொல்லி உத்தரவாயிற்று.

முதல் நாளே தட்டியிருக்கலாம். மூன்றாம் நாள் மாலை, கதவு பூட்டும் நேரத்துக்குத்தான் தட்டினார். அவர் எதிரில் என்னோடு நின்றிருந்த உல்போசினின் கைபேசி ஒலித்தது. தொகையை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, மருந்துக்கடை மூடுவதற்குள் போக வேண்டுமென்று திரும்பினாள்.

“ஒரு வார்த்தை நன்றி சொல்லிட்டுப் போகக் கூடாதா? நான் தட்டினாத்தானே வந்துச்சு?”

அவள் நிற்கவில்லை. எசென்கெல்தி நாற்காலியை விட்டு எழுந்தார். நெஞ்சில் கை வைத்து, யாரோ வாயார வாழ்த்துவதை ஏற்றுக்கொள்கிறவரைப் போலத் தலையைச் சற்றே தாழ்த்தினார். படியிறங்கும் சத்தம் ஓயும்வரை அந்தக் கை நெஞ்சிலேயே இருந்தது.