அரக்குச் சாயத் தண்ணீர்

எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். அதனால் சாயப்பட்டறையை மூடச் சொல்லி வந்த நோட்டீஸை அப்பாவுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். பட்டுநூலுக்குச் சாயம் போட்ட தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் கால்வாயில் விடக் கூடாதாம். அப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது.

அப்போது நான் கல்லூரியில் வேதியியல் இரண்டாம் வருஷம். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் புது முறைகளைச் சோதித்துப் பார்க்க அரசு பணம் தருகிறது என்று ஆசிரியை சொன்னார். விண்ணப்பத்தை நானே எழுதினேன்; பணம் கிடைத்தது. பட்டறைக்குப் பின்னால் மூன்று தொட்டிகள் வந்தன: ஒன்றில் மணல், ஒன்றில் கொட்டாங்கச்சிக் கரி, கடைசியில் கோரைப்புல். தண்ணீர் தேறினால் பட்டறை பிழைக்கும்.

சோதிக்க ஒரு பெண் என்ஜினீயர் பஸ் மாறி எங்கள் ஊரான ஆரணிக்கு வந்தார். முதல் நாளே தண்ணீர் கிணற்றுநீர் போல வந்தது. அவர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். எனக்குத்தான் இடித்தது. கொடியில் காய்ந்த நூலெல்லாம் வெளிர் சந்தனக் கலர்.

"என்னப்பா, முகூர்த்த மாசத்துல அரக்கு போடலையா?"

"ஆபீசர் வர்றப்ப அழுக்குத் தண்ணியக் காட்டுவாங்களா பாப்பா? மூணு நாளா சந்தனம்தான் போட்டுகினு இருக்கேன்."

பேசாமல் இருந்திருந்தால் பட்டறை அன்றே பிழைத்திருக்கும். ஆனால் அடுத்த வாரம் கருஞ்சிவப்பு அரக்குத் தண்ணீர் அப்படியே கால்வாய்க்குப் போகும். என்ஜினீயரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. பாட்டிலைக் கீழே ஊற்றினார். "ஐயா, உங்ககிட்ட இருக்கறதுலயே மோசமான தண்ணி எனக்கு வேணும்."

"மோசமா இருந்தா மூடிடுவீங்களே மேடம்."

"எங்க தப்புன்னு கண்டுபிடிக்கத்தாங்க கவர்மென்ட் பணம் குடுத்திருக்கு. சோதனை முடியறவரைக்கும் யாரும் மூட மாட்டாங்க."

அடுத்த முறை அரக்குத் தண்ணீர் ரோஸ் மில்க் போல வெளியே வந்தது. அப்பா உட்கார்ந்துவிட்டார். என்ஜினீயர் அதை அப்படியே எழுதிக்கொண்டு, கரியை இரண்டு பங்காக்கி, தண்ணீர் மெதுவாக இறங்கும்படி குழாயை மாற்றினார். மறுபடியும் இரண்டு முறை தோற்றோம். நான்காவது முறைதான் தேறியது. பட்டறையை நடத்தலாம் என்று உத்தரவு வந்ததும் அதையும் நான்தான் படித்துச் சொன்னேன்.

மூன்று முறை தோற்கவும் சேர்த்துப் பணம் ஒதுக்கியவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கும், ஒவ்வொரு முறையும் பஸ் மாறி வந்தவருக்கும் எங்கள் அடுப்பு கடன்பட்டிருக்கிறது.

அதன்பின் என்ஜினீயர் தண்ணீரைப் பரிசோதிக்க வரும் நாளில் அப்பா காலையிலேயே அம்மாவிடம் சொல்வார்: "மேடம் வராங்க. சந்தனத்த ஓரமா வை, அரக்கக் கரை."