பாதிக் கிணறும் பதினேழு மீனும்

கோப்பாயில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு வளவு சோமசேகரத்தாருடையது. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். சீனி நிறுக்கும்போது தாளின் பாரத்தையும் சேர்த்து நிறுத்தவர் என்று ஊரில் ஒரு கதை உண்டு. நான் அதை நம்புவதில்லை. இரண்டு தாள் வைத்து நிறுத்தவர் என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓட்டோ ஓடுகிற எனக்கு அவருடைய விஷயங்கள் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவர் எங்கே போனாலும் என் ஓட்டோவில்தான் போவார். ஏறியதும் கதைக்கத் தொடங்குவார். இறங்கும்போது, "மார்க்கண்டு, இதை ஒருத்தனுக்கும் சொல்லிப்போடாதை" என்பார். நானும் ஒருத்தனுக்குச் சொன்னதில்லை. நாலைந்து பேர் கூடியிருந்தால்தான் சொல்வேன்.

அவருக்கு மீன் வளர்க்கும் ஆசை மீனால் வந்ததல்ல. மச்சான்காரன் தன் வளவில் ஒரு தொட்டி கட்டி, அதற்குள் சிவப்பு வெள்ளை மீன் விட்டு, வெளிநாட்டுச் சொந்தங்களுக்கெல்லாம் படம் அனுப்பிவிட்டான். அதைப் பார்த்த நாளிலிருந்து இவருக்கு நித்திரை இல்லை. கனடாவில் இருக்கும் மகன் கோகுலனைப் பிடித்துக் காசு அனுப்பச் சொல்லி, வீட்டுக்குப் பின்னால் மச்சானுடையதை விட இரண்டு அடி நீளமாக ஒரு தொட்டி கட்டினார். அடியில் நீலத் தட்டோடு பதித்து. நடுவில் தண்ணீர் துப்பும் சிங்கத்தலை. மீனுக்கும் சிங்கத்துக்கும் என்ன சொந்தம் என்று நான் கேட்கவில்லை. பதினேழு மீன் வாங்கி விட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசியைத் தொட்டிக்கு மேலே பிடித்துப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவார். ஆவணியில் அவர்கள் நேரில் வந்து பார்ப்பதாக இருந்தது.

மாசியில் மீன் சாகத் தொடங்கியது.

"என்ன அண்ணை, திரும்பவும் செத்துப்போச்சுதோ?"

"மூண்டு. விடியப் பாக்கேக்கை வயித்தைக் காட்டிக்கொண்டு கிடக்குது. கொம்பனி மீன் மார்க்கண்டு, சும்மா மீனில்லை."

கொம்பனி மீனானாலும் செத்தால் நாறத்தான் செய்யும். பட்டணத்து மீன்கடைக்காரன், தீன் கூடிப்போச்சு என்றான். தீனைக் குறைத்தார். செத்தது. தபாற்கந்தோர்க்காரர், வெயில் என்றார். கிடுகு போட்டு நிழல் செய்தார். நிழலில் செத்தது. மீன்கொத்தி என்று யாரோ சொல்ல வலை கட்டினார். வலைக்குள் செத்தது. விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார், காற்றுப் போதாது என்றார். குமிழி விடுகிற மோட்டர் வாங்கிப் பூட்டினோம். மறுநாள் மீன்கள் குமிழிக்கு நடுவே மிகவும் அழகாகச் செத்துக் கிடந்தன.

ஒருவரிடம் மட்டும் அவர் கேட்கவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த கிறிஸ்துநாயகத்திடம்.

கிறிஸ்துநாயகம் குருநகர் ஆள். நாற்பது வருடம் கடலில் கிடந்தவர். மனைவி பெயர் யோசப்பின், சந்தையில் மீன் விற்றவள். பக்கத்து வளவுக்காரி வசந்தினி, பிள்ளைகளோடு சுவிசுக்குப் போகும்போது இவர்களுக்குத்தான் காணியை எழுதிக் கொடுத்தாள். தையில் பேத்தியோடு குடிவந்தார்கள். அந்தக் காணியை அவர்கள் வாங்கியது வீட்டுக்காக இல்லை. வீடு ஓடு உடைந்து கிடந்தது. கிணற்றுக்காக. எல்லையில் இருக்கிற அந்தக் கிணற்றில் பாதி சோமசேகரத்தாருக்கு, பாதி அந்தக் காணிக்கு என்று பழைய காணி உறுதியில் எழுதியிருக்கிறது. குருநகரில் தோண்டினால் உவர்த்தண்ணீர். குழாய் வரும்வரை வாளியோடு நின்றே யோசப்பினுக்கு இடுப்புப் போனது. படகையும் எஞ்சினையும் விற்று, வாழ்நாளில் முதல் தடவையாக வளவுக்குள்ளேயே நல்ல தண்ணீர்.

சோமசேகரத்தாருக்கு அதுதான் தொண்டையில் சிக்கிய முள். சாதி என்ற சொல்லை அவர் வாயால் சொல்லமாட்டார். படித்தவர், சங்கக்கடை மனேச்சர், கோயில் சபையில் பொருளாளர். 'சுத்தம்' என்பார். "எல்லாரும் மனிசர்தான் மார்க்கண்டு. ஆனால் சுத்தம் எண்டு ஒண்டிருக்கெல்லோ?" இதே மனிதர் கிழமைக்கு மூன்று நாள் சந்தையில் விளைமீனைத் தட்டிப் பார்த்து, விலை பேசி, வாங்கிக்கொண்டு போவார். அவர்களுடைய கை பட்ட மீன் இவருடைய சட்டிக்குள் போகலாம். கை பட்ட வாளி கிணற்றுக்குள் போகக்கூடாது. மீன் வெந்துவிடும், தண்ணீர் வேகாது என்று நினைத்தாராக்கும்.

எட்டாவது மீன் செத்த அன்று ஓட்டோவில் ஏறியவர் குரலைத் தாழ்த்தினார்.

"கண்டுபிடிச்சிட்டன்."

"என்னத்தை அண்ணை?"

"நஞ்சு. உவையள் கிணத்துக்குள்ளை என்னத்தையோ போடினம். கடலிலை மீனை மயக்கிப் பிடிக்கிற சாமான். என்னைக் கிணத்தை விட்டுக் கலைக்கப் பாக்கினம்."

"அப்ப நீங்களும் உந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறியள்?"

"நான் கொதிக்க வைச்சுக் குடிக்கிறன்."

"கொதிச்சால் நஞ்சு போயிடுமோ?"

"நீ ஓட்டோவை ஓடு."

பங்குனிக் கடைசியில் ஒரு சங்கதி நடந்தது. கிறிஸ்துநாயகம் குடும்பம் ஈஸ்டருக்கு முந்திய பெரிய கிழமைக்குக் குருநகருக்குப் போய் ஆறு நாள் நின்றது. அந்த ஆறு நாளும் ஒரு மீன் சாகவில்லை. ஏழாம் நாள் திரும்பி வந்தார்கள். எட்டாம் நாள் இரண்டு மீன் மல்லாந்து கிடந்தன. சோமசேகரத்தார் அந்த இரண்டையும் வாழையிலையில் வைத்து, ஒழுங்கையில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினார். செத்தவீட்டுக்குக்கூட அவர் இவ்வளவு தூரம் நடந்ததை நான் காணவில்லை.

இந்தக் கணக்கு யாருக்கும் விளங்கும்தானே? அவர்கள் இல்லாதபோது மீன் உயிரோடு இருந்தது, வந்ததும் செத்தது. ஊரும் தலையாட்டியது. உண்மையைச் சொன்னால் நானும் ஆட்டினேன். வாய்க்கு ருசியான கதை, விடுவேனா.

அவர் ஒரு கடிதம் எழுதினார். ஓட்டோவில் வைத்து எனக்கு வாசித்துக் காட்டினார். 'பொதுச் சுகாதாரத்தையும் உயிரினங்களின் நலனையும் கருத்திற் கொண்டு' என்று தொடங்கி, கடைசியில், பக்கத்து வளவார் தங்கள் கிணற்றுப் பங்கைத் தாமாகவே கைவிட்டு வேறு கிணறு வெட்டிக்கொள்ள வேண்டும் என்று முடிந்தது. கிராம அலுவலர் தாரிகா முன்னால் இரண்டு பகுதியும் கையெழுத்து வைத்தால் சரி. வைக்காவிட்டால் பொலிஸ், பிறகு கோட்டில் வழக்கு. கோட்டுக்குப் போனால் கிறிஸ்துநாயகத்துக்கு உறுதியும் போய் ஓடும் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அதைக் கடிதத்தில் எழுதவில்லை. முகத்தில் எழுதியிருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தாரிகா ஸ்கூட்டியில் வந்தாள். உடுப்பிட்டிப் பிள்ளை, முப்பது வயதுக்குள்தான் இருக்கும், தேவையில்லாமல் சிரிக்காதவள். தொட்டிக்கரையில் கதிரை போட்டோம். சோமசேகரத்தார் நெற்றி நிறைய வீபூதியோடு நின்றார். அன்று காலையில் செத்த மீன் ஒன்று சாட்சிக்கு வாழையிலையில் கிடந்தது. அவருடைய மனைவி மீனாம்பிகை அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து எனக்கும் தாரிகாவுக்கும் கொடுத்தாள். வேலிக்கு அந்தப்பக்கத்தால் வந்த இரண்டு பேருக்கும் கொடுக்கவில்லை. தட்டில் நாலு கோப்பை இருந்ததை நான் கண்டேன். அவளுடைய மனிசன் கண்ணால் ஒரு பார்வை பார்த்தார். இரண்டு கோப்பை திரும்பிக் குசினிக்குள் போனது.

தாரிகா கடிதத்தை வாசித்துவிட்டுக் கிறிஸ்துநாயகத்தைப் பார்த்தாள். "என்ன ஐயா சொல்லுறியள்?"

அந்த மனிசன் புயலுக்குப் பயப்படாதவர், தாளுக்குப் பயந்தவர். "நாங்கள் ஒண்டும் போடேல்லைப் பிள்ளை. ஆனா வந்த இடத்திலை சண்டை வேண்டாம். கையெழுத்து வைக்கச் சொன்னா வைக்கிறன். வேறை கிணறு ஒண்டு வெட்டுவம்."

"என்னத்தாலை வெட்டப்போறியள்?" என்றாள் யோசப்பின். "கரண்டியாலையோ? ஒரு முழத்துக்குக் கீழை முழுக்கக் கல்லு. விக்கிறதுக்கு இன்னொரு படகு வைச்சிருக்கிறியளோ?"

"நீ சும்மா இரு."

"சும்மா இருந்தா நாளைக்குக் குடிக்கிறது என்னத்தை?"

சோமசேகரத்தார் பேனையை நீட்டினார். கிறிஸ்துநாயகம் வாங்கிவிட்டார். தாளை முழங்காலில் வைத்து, எங்கே வைப்பது என்று தேடினார். சோமசேகரத்தார் குனிந்து விரலால் இடத்தைக் காட்டினார். அந்தப் பேனை தாளில் பட்டிருந்தால் அவர்களுடைய கிணறு போயிருக்கும்.

யோசப்பின் அவருடைய கையைப் பிடித்தாள். "பொறுங்கோ. நான் அந்த மீனை ஒருக்காப் பாக்கிறன்."

"அதைத் தொடாதை" என்றார் சோமசேகரத்தார். "அது சாட்சி."

"பாக்கட்டும்" என்றாள் தாரிகா.

சந்தையில் முப்பது வருடம் மீனோடு இருந்த கை. பெருவிரலால் செவுளைத் திறந்தாள். எங்களுக்கெல்லாம் காட்டினாள். சிவப்பாக இருக்க வேண்டியது வெள்ளையாய், விளிம்பு கரைந்து கிடந்தது.

"இது திண்டு செத்த மீன் இல்லைப் பிள்ளை. மயக்கின மீனெண்டாச் செவுள் இப்பிடி வெளிறாது. இது மூச்சுவிட மூச்சுவிடச் செவுள் வெந்து செத்திருக்கு." மூக்கருகே கொண்டுபோனாள். "ஆசுப்பத்திரிக் கக்கூசு மாதிரி மணக்குது. எங்கடை தண்ணியும் உப்பிடித்தான் மணக்கிறது."

தாரிகா நிமிர்ந்தாள். "உங்கடை தண்ணியும் மணக்கிறதோ? ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

யோசப்பினுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கிறிஸ்துநாயகம்தான் சொன்னார். "நாங்கள் உவர்த்தண்ணியிலை வளந்த ஆக்கள் பிள்ளை. நல்ல தண்ணியெண்டா இப்பிடித்தான் மணக்குமாக்கும் எண்டு நினைச்சம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அரைவாசியில் நின்றுவிட்டது.

"குளோரின்" என்றாள் தாரிகா. "சுகாதாரப் பரிசோதகர் இந்தப் பக்கம் ஒரு கிணத்துக்கும் போடேல்லை. எனக்குத் தெரியும். ஆர் போட்டது?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மாசி பிறந்த கையோடு சோமசேகரத்தாரைச் சாமான்கடைக்கு ஏற்றிப்போய், வெள்ளைத் தூள் ஒரு பை கொண்டுவந்து இறக்கியிருக்கிறேன். என்ன தூள் என்று கேட்டேன். சுண்ணாம்பு என்றார். சுண்ணாம்புக்குக் கண் எரிகிறதே என்று நினைத்தேன், கேட்கவில்லை. இப்போது நான் அவரைப் பார்த்தேன். அவர் சிங்கத்தலையைப் பார்த்தார்.

"ஐயா?" என்றாள் தாரிகா.

"கிணறு எண்டா இடைக்கிடை சுத்தம் செய்யத்தானே வேணும்" என்றார் அவர். "நல்ல நோக்கத்துக்குப் போட்டது."

"எப்ப எப்ப போடுவியள்?"

"தேவைப்படேக்கை."

"கடிதத்திலை எழுதியிருக்கு, அவையள் ஆறு நாள் நிக்கேல்லையெண்டு. அப்ப போட்டனீங்களோ?"

அவர் வாயைத் திறந்தார். முப்பது வருடம் எத்தனை கணக்குப் பரிசோதகரைச் சமாளித்த வாய். அதற்குள் கோப்பை எடுக்க வந்த மீனாம்பிகை அக்கா, சோற்றுக்கு அரிசி எவ்வளவு போட்டேன் என்று சொல்லுகிற குரலில் சொன்னாள்:

"அவையள் அள்ளிற நாளிலைதான் போடுவார். அவையள் அள்ளி முடிய, பின்னேரம் ஒரு சிரட்டை. விடியக் கிணத்தாலை தொட்டிக்கு மோட்டர் போட்டுத் தண்ணி விடுவார்."

குமிழி விடுகிற மோட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பக்கத்து வளவாரின் கைத்தீட்டைக் கழுவப் போட்ட தூள், கொம்பனி மீன்களின் செவுளைக் கழுவிவிட்டது. அதுவும் தெரியாமல், ஒவ்வொரு மீன் சாகும்போதும் இன்னும் ஒரு பிடி கூடப் போட்டிருக்கிறார். நஞ்சுக்கு மாற்றாம். இப்படி ஒரு மூளையைத்தான் சங்கக்கடை முப்பது வருடம் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது.

கிறிஸ்துநாயகம் பேனையை மூடி, கதிரையில் வைத்தார். கத்தவில்லை. "அப்ப எங்கடை பேத்திக்குக் கண் சிவந்ததும் உதாலைதானோ?" என்று மட்டும் கேட்டார்.

தாரிகா கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினாள். கிணற்றில் இரண்டு பகுதிக்கும் சரிபாதி உரித்து. ஒருவரைக் கேளாமல் மற்றவர் ஒரு உப்புக்கல்லும் போடக்கூடாது. போட்டால் அவளே பொலிசுக்கு எழுதுவாள். "முதல்லை நீங்கள் வையுங்கோ ஐயா" என்றாள். அவர் கண்ணாடி இல்லை என்றார். கண்ணாடி நெற்றியில் இருந்தது. மீனாம்பிகை அக்கா அதைக் கீழே இறக்கிவிட்டாள். வைத்தார். கிறிஸ்துநாயகமும் வைத்தார்.

போகும்போது யோசப்பின் தொட்டியைப் பார்த்து, மிச்சம் ஆறு மீன் இருப்பதை எண்ணிவிட்டுச் சொன்னாள்: "கிணத்தை முழுக்க இறைச்சு விடுங்கோ. ஊறி வாற புதுத்தண்ணியை ரெண்டு நாள் வெயிலிலை வைச்சிட்டுத் தொட்டிக்கு விடுங்கோ. மிச்சம் தப்பும்." அவருக்கு அல்ல, மீனுக்குச் சொன்னது போலச் சொன்னாள்.

கிணற்றை இறைத்தார்கள். கிறிஸ்துநாயகமும் நானும் நின்று இறைத்தோம். சோமசேகரத்தாருக்கு அன்று முதுகுப் பிடிப்பு. மீன் ஆறும் தப்பியது. ஆவணியில் கோகுலன் பிள்ளைகளோடு வந்தபோது, விஞ்ஞான முறைப்படி ஆராய்ந்து தண்ணீரில் இருந்த பிழையைத் தானே கண்டுபிடித்ததாக அவர் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றார். பேரப்பிள்ளைகள் வேலிக்கு அந்தப்பக்கம் போய், கிறிஸ்துநாயகத்தின் பேத்தியோடு கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

சோமசேகரத்தாரால் இனித் தூள் போட முடியாது. போடாமல் குடிக்கவும் முடியாது. ஆகவே தனக்கு மட்டும் போத்தல் தண்ணீர் என்று முடிவெடுத்தார். பெரிய நீலப் போத்தல், கிழமைக்கு இரண்டு, லொறியில் வரும். வேறு ஒருவரும் அதில் தொடக்கூடாது. லொறி சொன்ன நாளுக்கு வருவதில்லை. வெறும் போத்தலோடு மனிசன் பத்திரகாளியாக நிற்பார் என்று, மீனாம்பிகை அக்கா கிணற்றில் அள்ளி நிரப்பி வைத்துவிடுகிறாள். இதை அவள் என் மனைவிக்குத்தான் சொன்னாள், ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் என்று.

போன கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். எனக்கு ஒரு கோப்பை ஊற்றித் தந்தார்.

"குடிச்சுப் பார் மார்க்கண்டு. கொம்பனித் தண்ணி. கிணத்துத் தண்ணியோடை ஒப்பிடேலுமோ?"

குடித்தேன். வேலிக்கு அந்தப்பக்கம் யோசப்பின் வாளியை இறக்கினாள், கப்பி கிரீச்சிட்டது.

"ஏலாது அண்ணை" என்றேன். "இன்னொரு கோப்பை தாங்கோ."