நாவலில் நான் கொடுத்த பாடு

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நாவல் எழுதுவது நண்டு விற்பதைவிடக் கஷ்டமான தொழில். நண்டு கடித்தால் எங்கே கடித்தது என்றாவது உடனே தெரியும். இரண்டையும் செய்தவள் சொல்கிறேன். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி சந்தைக்குப் பன்னிரண்டு வருஷம் கூடை சுமந்தேன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. பேரம் பேசத்தான் முதலில் கற்றேன், எழுதியது பிறகு. ஐந்து நாவல் வந்துவிட்டது, கோபம் மட்டும் கூடையிலிருந்து இறங்கவே இல்லை. எழுதிப் பிழைக்கிற சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் இதில் பாதியாவது நடந்திருக்கும். படித்துப் பெருமூச்சு விடுங்கள். எனக்கு ஆறுதல் சொல்ல மட்டும் வராதீர்கள், எரிந்து விழுவேன்.

பிடித்த புத்தகம்

எந்தப் பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டாலும் முதல் கேள்வி இதுதான்: "உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது?" ஆரம்பாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளியில் உள்ளதைச் சொன்னேன். எனக்கு இரண்டே புத்தகம். ஒன்று, பழைய பேப்பர் கடையில் கிடைத்த கப்பல் கதை. அட்டை இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. அதில் வரும் பையன் கரை சேர்ந்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பஸ்ஸில் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தினம் ஒரு முடிவு வைப்பேன். வியாபாரம் படுத்த நாளில் அவனை மூழ்கடித்துவிடுவேன்.

இரண்டாவது, நூலகத்தில் இருந்த தடிமனான சரித்திரப் புத்தகம். டச்சுக்காரர் எங்கள் ஊரில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த காலத்தைப் பற்றியது. துணியோடு சேர்த்து இந்தக் கரையிலிருந்து மனுஷரையும் அடிமைகளாகக் கப்பலில் ஏற்றினார்கள் என்று அதில் படித்தேன். பெண் பிள்ளைகளையும்தான். துணிக்கு விதவிதமாகப் பெயர் இருந்தது. பிள்ளைகளுக்கு ஒரு பெயர்கூட இல்லை. ஆத்திரத்தில் புத்தகத்தை மேஜையில் ஓங்கி அடித்தேன், நூலகர் வெளியே போகச் சொன்னார். அந்த ஆத்திரத்தில் பிறந்தவள்தான் என் நாவலில் வரும் கனகு. பதினாலு வயது, அப்பா ஏரியில் செத்துப்போன மீனவப் பெண். இதையெல்லாம் சொல்லி முடித்தேன். ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "மேடம், நீங்க சந்தோஷமான புக்கு ஒண்ணுகூட படிச்சதில்லையா?"

கனகுவை வைத்துப் பேரம்

முதலில் எழுதியபோது கனகுவைக் கடைசியில் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். சென்னையில் என் பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு தலையில் கை வைத்தார். "பொண்ண ஏத்திடாதீங்கம்மா. பசங்க அழுவாங்க, டீச்சருங்க வாங்க மாட்டாங்க." "ஏத்தினாங்களே சார், நான் இன்னா பண்றது?" என்றேன். காலையில் தொடங்கிய பேரம், மூன்று டீ ஆனது. கனகு பிழைக்கத்தான் வேண்டும் என்று அவர் நின்றார். சரி, எதை வைத்துப் பிழைப்பாள்? அப்போதுதான் பாடு ஞாபகம் வந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏரியில் யார் வேண்டுமானாலும் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இறால் ஓடுகிற இடம் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஊரில் சீட்டுப் போட்டு, இந்த நாள் இந்த இடம் இன்னாருக்கு என்று முறை விடுவார்கள். அந்த முறைதான் பாடு. கல்யாணமான ஆம்பிளை பேர்தான் பட்டியலில் ஏறும். ஆள் செத்தால் பேரும் போகும். பெண்டாட்டிக்கோ மகளுக்கோ அது வராது. நான் ஏழாம் அத்தியாயத்தில் ஊரைக் கூட்டி, அப்பாவின் பாட்டைக் கனகுவுக்குக் கொடுக்க வைத்தேன். அப்படி எங்கேயும் நடந்ததாக நான் கேட்டதில்லை. நடந்திருக்க வேண்டும் என்று தோன்றியது, எழுதினேன்.

பதிப்பாளருக்குப் பிடித்துப்போனது. ஆனால் வேறு இரண்டு அத்தியாயத்தை வெட்டச் சொன்னார். வெட்டினால் பிரதியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று எழுந்தேன். கடைசியில் அவர் இரண்டு அத்தியாயத்தை விட்டுக்கொடுத்தார். பதிலுக்குப் பின்னட்டையில் 'டச்சுக்காரர் காலத்தில் நடந்த உண்மைக் கதை' என்று போட்டுக்கொள்ள நான் விட்டுக்கொடுத்தேன். ஒரு வரிதானே? வாசல்வரை வந்து வழியனுப்பினார். "சந்தோஷமா போங்கம்மா, இன்னிக்கு ஜெயிச்சது நீங்கதான்."

எந்தக் கல்?

புத்தகம் வந்த பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து டச்சுக் கல்லறையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்குமே, அங்கேதான். ஒருநாள் ஒரு வாத்தியார் என்னையும் கூப்பிட்டிருந்தார். ஒரு சின்னப் பெண் கல் கல்லாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்து, "ஆன்டி, கனகு எதுல இருக்காங்க?" என்றாள். அவளுக்கு யாரும் கல் வைக்கவில்லை என்றேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வாத்தியார் என்னை ஓரமாக அழைத்து, "அந்தப் பாடு விஷயத்துக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சந்தைப் புத்தி விடவில்லை. சொன்ன விலையை ஒருமுறை இறக்கினால் கூடையில் உள்ளது மொத்தமும் வாங்குகிறவன் கண்ணுக்கு நாறிவிடும். "நான் ஏரியில பொறந்தவ சார். நீங்க காட்டூர்ல நெல்லு பாத்து வளர்ந்தவரு. என்கிட்ட ஆதாரம் கேக்குறீங்களா?" என்று பிள்ளைகள் காதிலும் விழும்படி கத்தினேன். மனுஷர் முகம் சுருங்கிவிட்டது. "தப்பா நினைக்காதீங்க மேடம், உண்மையா இருந்தா நல்லாயிருக்குமேன்னுதான் கேட்டேன்."

செவ்வந்தி

ஒரு முற்பகலில் செவ்வந்தி வந்தாள். என் நாவலைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பத்துப் பெண், பத்தொன்பது வயது, பொன்னேரியில் கல்லூரியில் இரண்டாம் வருஷம். நாலு மாதத்துக்கு முன் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அப்பா போய்விட்டார். அவர் பேரைப் பாடு பட்டியலிலிருந்து அடித்தாயிற்று. வீட்டில் அம்மாவும் அவளும்தான். வெளியூரில் அம்மாவின் தம்பி ஒருவர் இருக்கிறார், மனைவியை இழந்தவர். அவர் செவ்வந்தியைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தால் அவர் பேரைப் பட்டியலில் ஏற்றுவதாக ஊர் ஒப்புக்கொண்டதாம். "அவரு கெட்டவரு இல்லக்கா. கெட்டவரா இருந்தா வேணாம்னு சொல்லிடலாம்."

அவள் கேட்பது பெரிசு இல்லை. நைனா என்று அவள் சொல்லும் அப்பாவின் பாட்டை அவள் பேரில் விட்டால் போதும். கூலிக்கு ஆள் வைத்து வலை கட்டி, வருவதில் வீட்டை ஓட்டிக்கொண்டு படிப்பை முடித்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டம். ஏழாம் அத்தியாயத்தில் வரிக்கு வரி பென்சிலால் கோடு போட்டிருந்தாள். அது என் கற்பனை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாயைக்கூடத் திறந்தேன். அவள் புத்தகத்தைத் திருப்பி, பின்னட்டையில் அந்த ஒரு வரி மேல் விரலை வைத்தாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். "நீங்க வந்து நடந்ததுதான்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா, மீதிய கனகு பாத்துக்குவா."

ஊர்க் கூட்டம்

வலை பின்னுகிற கொட்டகையில் கூட்டம். ஆண்கள் உட்கார்ந்திருக்க, பெண்கள் பின்னால் நின்றார்கள். எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி. ஊர்த் தலைவர் கத்துவார் என்று எதிர்பார்த்துத் தயாராகப் போயிருந்தேன். கத்துகிறவர்களை எனக்கு ஜெயிக்கத் தெரியும். அவர் கத்தவே இல்லை. பேத்தியை வைத்து நாவல் முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். "நல்லா எழுதிக்கிறம்மா. இந்தப் பொண்ணுக்கு நைனா பாட்ட ஊரு குடுத்தது, அது நெசமா நடந்துதா?" பின்னால் செவ்வந்தி கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். "நடந்தது" என்றேன்.

"எந்தப் பாடு?" என்றார். புத்தகத்தில் இருந்த பெயரையே சொன்னேன்: தெற்குவாய்ப் பாடு. சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த பெயர் ஆயிற்றே. நான் பிறந்தபோது இருந்ததெல்லாம் ஆதியிலிருந்தே இருந்ததாக நினைத்துவிட்டேன். கூட்டத்தில் நாலைந்து பேர் தலையைக் குனிந்து சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "அந்த வாய், நான் வாலிபனா இருந்தப்ப அடிச்ச புயல்ல கரை ஒடைஞ்சு கடல் உள்ள வந்த வழிம்மா. அதுக்கு மின்ன அங்க மணல்மேடு. நானே ஓடி வெளையாடிக்கிறேன். பாட்டுக்குப் பேரு வெச்சது எங்க நைனா செட்டு ஆளுங்க. டச்சுக்காரன் காலத்துல அங்க கணுக்கால் நனைய தண்ணி ஏது?"

எழுந்துவிட்டேன். பெயர்தான் தப்பு, சங்கதி தப்பில்லை என்றேன். குரல் ஏறியது. "நடக்கலன்னா இன்னா இப்போ? இன்னிக்கு நடக்கட்டுமே! யாரு தடுக்குறா?" அதைத்தான் முதல் வார்த்தையாகச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் சிரிப்பு கொட்டகை முழுக்கப் பரவிவிட்டது. "கனகுவுக்குப் பாடு விடுங்கப்பா, மணல்ல வலை கட்டட்டும்" என்று ஒருத்தன் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். தலைவர் அவனை அதட்டிவிட்டு, புத்தகத்தை மூடிச் செவ்வந்தி கையிலேயே கொடுத்தார். "கதை நல்லாத்தான் கீது. பாவம், இந்தப் பொண்ணு நம்பிட்டுது."

படகுத்துறையில்

என்னை வழியனுப்ப அவள் துறைவரை வந்தாள். நான் தலைவரைத் திட்டினேன், சிரித்தவர்களைத் திட்டினேன், அந்தப் புயலைக்கூட விடவில்லை. திட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு, பேசலாம் என்று அவளே ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததைக் காட்டினாள். அவர்கள் ஊரில் மூன்று பேர் சென்னையில் வேலைக்குப் போய்விட்டார்களாம். வருஷக்கணக்கில் ஏரிப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. ஆனாலும் அவர்கள் பேர் பட்டியலில் இருக்கிறது. அவர்கள் முறை வரும்போது கூலி ஆள்தான் வலை கட்டுகிறான். ஊரில் இல்லாத ஆம்பிளைக்கு அப்படி விடலாம் என்றால், ஊரிலேயே இருக்கிற எனக்கு ஒன்றரை வருஷத்துக்கு விடக் கூடாதா? அவ்வளவுதான் எழுதியிருந்தது. அந்தத் தாளுக்குப் பதில் சொல்ல அந்தக் கொட்டகையில் ஆள் கிடையாது.

இதை ஏன் எடுத்துப் பேசவில்லை என்று கேட்டேன். சிரித்த பிறகு யார் கேட்பார்கள் என்றாள். அவள் என் வீட்டுக்கு வந்த அன்று, உன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படகுக்காரர் கூப்பிட்டார். கால் நனைய நின்றுகொண்டிருந்தேன். அவள் குரலில் கோபம் இல்லை. "கனகு வராம நான் மட்டும் போயி பேசியிருந்தா, ஒருவேள கேட்டிருப்பாங்கக்கா."

வித்த பொருள்

இரண்டாம் பதிப்பு வரப்போகிறது என்று பதிப்பாளர் போன் செய்தார். பின்னட்டை வரியை எடுங்கள் என்றேன். அந்த வரியால்தான் பள்ளிக்கூடங்கள் கேட்கின்றன என்றார். முன்பு நான் போராடிக் காப்பாற்றிய இரண்டு அத்தியாயத்தையும் வெட்டிக்கொள்ளுங்கள் என்றேன். வேண்டாம் என்றார். ஏழாம் அத்தியாயத்தையே எடுத்துவிடுகிறேன் என்றேன். கனகுவை முதலில் எழுதியபடி கப்பலில் ஏற்றிவிடுகிறேன் என்றேன். கத்தினேன். பிறகு கெஞ்சினேன். சந்தையில்கூட நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. "அது இப்ப உங்க கையில இல்லம்மா, அன்னிக்கே குடுத்துட்டீங்க."

கையெழுத்து

தை மாதம் செவ்வந்திக்குக் கல்யாணம். போகக் கூடாது என்றுதான் இருந்தேன், போனேன். கல்லூரியிலிருந்து பேரை எடுத்தாயிற்று, பட்டியலில் மாப்பிள்ளை பேரை ஏற்றியாயிற்று. மாப்பிள்ளை எழுந்து வந்து என்னைக் கும்பிட்டார். சாப்பிட்டீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். கெட்டவரே இல்லை.

கிளம்பும்போது செவ்வந்தி உள்ளே ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். ஏழாம் அத்தியாயத்துப் பென்சில் கோடுகளை ரப்பரால் அழித்திருந்தாள். அழித்த இடம் அழுக்காகத் தெரிந்தது. கையெழுத்துப் போடச் சொன்னாள். ஐந்து நாவல் எழுதின கைக்கு அன்று ஒரு வாக்கியம் வரவில்லை. பேரைக் கிறுக்கிவிட்டு நிமிராமல் நீட்டினேன். "பேரு மட்டும் போட்டா எப்படிக்கா? அன்புடன்னு எழுதுங்க."

எழுதிக் கொடுத்தேன். இந்தத் தொழிலுக்கு வந்தபோது பிள்ளைகள் படிக்க மாட்டார்கள் என்றுதான் எல்லாரும் பயமுறுத்தினார்கள், படித்துவிட்டு நம்புவார்கள் என்று ஒருத்தரும் எச்சரிக்கவில்லை.