டூர் லிஸ்ட்டில் இல்லாத வீடு

கடந்த வெள்ளிக்கிழமை என் சொந்த ஊரை எனக்குச் சுற்றிக் காட்டினார்கள். டிக்கெட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு, கழுத்தில் ஓர் அட்டையும் மாட்டிவிட்டு!

பெரம்பலூரில் பிறந்து, அரியலூரில் பெண்ணெடுத்து, ஐம்பத்தெட்டு வருடமாக இந்த மண்ணிலேயே சுற்றிக்கொண்டிருப்பவன் நான். டெல்லிக்குப் போய் செங்கோட்டை பார்த்திருக்கிறேன். மைசூர் அரண்மனையை இரண்டு முறை பார்த்தாயிற்று. பக்கத்திலிருக்கும் சாத்தனூர் கல்மரம்? 'எங்கே ஓடிவிடப் போகிறது, பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிட்டேன். அது மரமாக இருந்து கல்லாகிப் பல கோடி வருடம் ஆகிறது. உண்மையிலேயே ஓடவில்லை.

'ஒரு நாள் ஆன்மிக - வரலாற்றுச் சுற்றுலா. ஆறு இடங்கள். மதிய உணவு உண்டு' என்று ஒரு நோட்டீஸை என் மனைவி வசந்தா நீட்டியபோது, நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சரித்திரத்தின் மேல் அவளுக்கு அப்படியொன்றும் பிரியம் கிடையாது. சரி, போவோமே என்று தலையாட்டினேன். பஸ் ஏறிய பிறகுதான் வழியைப் பார்த்தேன். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஏலாக்குறிச்சி... வழி: தா.பழூர்.

தா.பழூர் என்றால் உங்களுக்கு நெல் வயல். எனக்கு அக்கா வீடு. அதாவது, இரண்டு வருடமாக நான் கால் வைக்காத அக்கா வீடு.

விஷயம் இதுதான். அக்காவுக்கு ஒரே மகள். அவள் கல்யாணத்துக்கு நான் தாய்மாமன். தாய்மாமனுக்கு எப்படிப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம், பூ... வீட்டுக்கு வந்து, நிற்க வைத்துக் கொடுக்க வேண்டும். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், வந்தார். நானும் வசந்தாவும் வெளியூர் போயிருந்தோம். வீடு பூட்டியிருந்தது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பத்திரிகையை கேட் கம்பியில் சொருகிவிட்டுப் போய்விட்டார்.

கேபிள் டி.வி. பில் சொருகுவது போல!

நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. சீர் செய்ய வாங்கி வைத்த பட்டுப்புடவை பீரோவிலேயே இருந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். நம்மிடம்தான் வாரா வாரம் பத்தி எழுத இடம் இருக்கிறதே... 'கேட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை' என்று நக்கலாக எழுதித் தள்ளினேன். பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை. நாகரிகம் பாருங்கள்! நீங்களும் விழுந்து விழுந்து சிரித்ததாகப் பாராட்டுக் கடிதம் போட்டீர்கள். அன்றிலிருந்து அக்கா போனை எடுப்பதில்லை. நானும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

கைடின் பெயர் கலைச்செல்வி. முப்பது வயதிருக்கும். எம்.ஏ. வரலாறு. ஒரு கையில் மைக், கழுத்தில் விசில். பஸ் கிளம்பியதும் முதல் அறிவிப்பைச் செய்தார்.

"ஒரே ஒரு கண்டிஷன்ங்க. வழியில யாரோட சொந்தக்காரங்க வூட்டுக்கும் வண்டி நிக்காது. போன ட்ரிப்ல அரும்பாவூர்ல ஒரு அம்மா 'அஞ்சே நிமிஷம்'னு எறங்கினாங்க. வளைகாப்புல ஒக்காந்து, சாப்பிட்டு, வளையலும் போட்டுட்டு வந்தாங்க. நாங்க அத்தன பேரும் ரோட்ல நின்னோம்."

நான் கைதட்டினேன். பஸ்ஸில் கைதட்டியது நான் ஒருவன்தான். மற்றவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. அவரவர் மனசில் ஒரு சித்தி வீடு, ஒரு சம்பந்தி வீடு இருந்திருக்கும் போல. உள்ளூர்க்காரர்களை வைத்து உள்ளூரில் டூர் நடத்துவதில் இருக்கும் சங்கடம் இது. தாஜ்மஹாலுக்குப் பக்கத்துத் தெருவில் நமக்கு நாத்தனார் இருப்பதில்லை.

வசந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"என்னங்க... வர்ற ஆவணியில அண்ணி வூட்டப் பூட்டிட்டு ஓசூருக்கே போறாங்களாம். மக கூட இருக்கப் போறாங்களாம். இனிமே தா.பழூர்ல யாரும் இருக்க மாட்டாங்க."

"யார் சொன்னா?"

"அண்ணிதான் சொன்னாங்க. நான் மாசம் ஒரு தடவ பேசிட்டுத்தான் இருக்கேன்."

அப்படியென்றால் இந்த இரண்டு வருட மௌன விரதத்தை நான் மட்டும்தான் அனுஷ்டித்துக்கொண்டிருந்தேனா? கோபம் வந்தது. ஆனால் எதன் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சிறுவாச்சூர் காளி திங்களும் வெள்ளியும்தான் தரிசனம் தருவாள் என்பதால்தான் டூரே வெள்ளிக்கிழமை. கூட்டமான கூட்டம். ஒரு பக்கம் மாவிளக்குக்கு அரிசி இடித்துக்கொண்டிருந்தார்கள். "இருபது நிமிஷம்" என்று விசில். சாமிக்கு ஐந்து, செருப்பைத் தேட பதினைந்து.

சாத்தனூரில் கல்மரத்தைப் பார்த்து எங்கள் குழு அயர்ந்துபோனது. "இதுக்கா எறக்கி விட்டீங்க?" என்றார் ஒருவர். ஓர் அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கல்லங்குறிச்சியில் பெருமாள், ஜெயங்கொண்டத்தில் சாப்பாடு. கங்கைகொண்ட சோழபுரம் போன நேரத்தில் நடை சாத்தியிருந்தது. கொளுத்தும் வெயிலில் வெறுங்காலோடு பிரகாரத்தைச் சுற்றினோம். சுற்றினோம் என்பது கௌரவமான வார்த்தை. குதித்தோம்.

கங்கை வரை போய் ஜெயித்துவிட்டு வந்த ராஜாவைப் பற்றி கலைச்செல்வி அழகாகச் சொன்னார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அடுத்த ஊர் எது என்பது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆவணிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டைப் பூட்டிவிட்டால் போவதற்கு வாசல் ஏது? ஓசூரில் மருமகன் வீட்டுப் படியேறி, தாய்மாமன் சீர் செய்யாத நான் என்ன சொல்வது? பெரம்பலூர், அரியலூர் என்று இந்த இரண்டு மாவட்டத்தையே பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடியும் பிரித்தார்கள். கவர்ன்மென்ட்டுக்கு இருந்த வளைந்துகொடுக்கும் தன்மைகூட எனக்கு இல்லையே என்று தோன்றியது.

பஸ் தா.பழூர் ரோட்டில் திரும்பியது. முன் சீட்டுக்காரர் பின்னால் திரும்பினார். பெரம்பலூரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். காலையிலிருந்தே என்னை அடையாளம் கண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்க எழுத்த ஒரு வாரம் விட்டதில்ல. பொட்டலம் மடிக்கறதுக்கு முன்னாடி கண்டிப்பா படிச்சிடுவேன். அந்த கேட்டு மேட்டர் எழுதினீங்களே... அது உங்க அக்காதானே? தா.பழூர்தானே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியுமே சார்!"

பின் சீட்டில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "என்னங்க கேட்டு மேட்டரு?" நான் வாய் திறப்பதற்குள் வசந்தா எழுந்து நின்று, முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். பத்திரிகை, கேட், பீரோவில் இருக்கும் பட்டு, ஆவணி, ஓசூர். மைக் இல்லாமலே கடைசி சீட் வரை கேட்டது. பஸ் இரண்டு கட்சியானது. "தாய்மாமனுக்குக் கேட்டுல சொருகலாமா?" என்று எனக்குப் பத்து ஓட்டு. "கூடப்பொறந்தவள பேப்பர்ல எழுதலாமா?" என்று மீதி அத்தனை ஓட்டும். டெபாசிட் போயிற்று.

"மேடம், அஞ்சு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க" என்றார் மளிகைக் கடைக்காரர்.

"இல்லைங்க, கண்டிஷன் போட்டுட்டேன். சொந்தக்காரங்க வூட்டுக்கு நிக்காது" என்றார் கலைச்செல்வி.

எனக்கு உயிர் வந்தது. சரித்திரம் படித்தவர்கள் வாக்குத் தவற மாட்டார்கள். ஆனால் வசந்தா உட்காரவில்லை.

"சொந்தக்காரங்க வூட்டுக்குத்தானே நிக்காதுன்னு சொன்னீங்க? இவங்க ரெண்டு பேரும் ரெண்டு வருஷமா சொந்தக்காரங்களே இல்லியேம்மா!"

கலைச்செல்வி வாட்ச்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மைக்கை எடுத்தார்.

"அடுத்து நாம பாக்கப் போறது, சாரோட அக்கா வூடு. இருபது நிமிஷம். எல்லாரும் ஒண்ணா வாங்க. யாரும் எதையும் தொடாதீங்க."

பஸ் மெயின் ரோட்டிலேயே, அக்கா வீட்டுக்கு எதிரில் நின்றது. கழுத்தில் அட்டையோடு முப்பது, நாற்பது பேர் திமுதிமுவென்று இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. "தலைவலி" என்றேன். யாரும் நம்பவில்லை.

ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. அக்கா முறத்தோடு வாசலுக்கு வந்து, திகைத்து நின்றாள். வசந்தா ஏதோ சொன்னாள். கலைச்செல்வி ஏதோ சொன்னார். அக்கா பஸ்ஸைப் பார்த்தாள். நான் சட்டென்று குனிந்து, இல்லாத செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

கூடப்பிறந்தவன் ஒருவன் மட்டும் வந்து நின்றிருந்தால் அவள் கதவைச் சாத்தியிருக்கலாம். அதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் உண்டு. ஆனால் வாசல் தேடி வந்த நாற்பது பேருக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்ப எந்த ஊர்ப் பெண்ணால் முடியும்? மாமா பக்கத்து வீட்டுக்கு ஓடி பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் போனது. அடுப்பில் டீ ஏறிவிட்டது போல, ஏலக்காய் வாசனை பஸ் வரைக்கும் வந்தது.

சற்று நேரத்தில் என் ஜன்னலுக்குக் கீழே வளையல் சத்தம்.

"ஊர் சனம் அத்தனையும் உள்ள வந்துடுச்சு. நீ மட்டும் என்னடா, பஸ்ஸக் காவல் காக்கிறியா?"

அக்காவுக்கு நன்றாக நரைத்திருந்தது. இரண்டு வருடத்தில் இவ்வளவா? தயாராக வைத்திருந்த வாதம் எல்லாம் மறந்துபோனது. "கேட்டுல சொருகினது..." என்று ஆரம்பித்தேன்.

"தப்புதான். உங்க மாமாவ அன்னிக்கே நான் திட்டினேன். மறுநாள் நானே தாம்பாளத்தோட கெளம்பினேன், அதுக்குள்ள நீ போன்ல கத்திட்ட. கல்யாணத்துக்கு வரல. போவுது, கோவக்காரன்னு விட்டேன். பேப்பர்ல எழுதின. அதையும் விட்டிருப்பேன்டா. 'எனக்கொரு தூரத்து உறவினர்'னு எழுதின பாரு... ஒன்ன இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவ நானு. நான் ஒனக்குத் தூரத்து ஒறவா?"

நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். அடையாளம் தெரியக் கூடாதே என்று. ஒரு வரியில் சாமர்த்தியமாக மறைத்துவிட்டதாக அப்போது பெருமைகூடப் பட்டேன். இத்தனை நாளும் அவளுக்கு வலித்தது என் நக்கல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வலித்தது அந்த மறைப்பு. எனக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினேன். அவள் கையைப் பிடிக்கவில்லை.

"எறங்கி வா. டீ ஆறிடும்" என்றாள்.

இறங்கினேன். டம்ளர் போதாமல் எனக்குத் தூக்குவாளி மூடியில்தான் டீ கிடைத்தது. குடித்தேன். பட்டுப்புடவையை அடுத்த வாரம் கொண்டு வருகிறேன் என்றேன். "மஞ்சள் குங்குமத்தோட கொண்டா" என்றாள். விசில் இரண்டு முறை ஊதியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் கலைச்செல்வியே இரண்டாவது டீ வாங்கிக்கொண்டார்.

ஏலாக்குறிச்சி மாதாவைப் பார்க்கும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. கீழப்பழுவூர் சிவனைப் பஸ்ஸிலிருந்தே கும்பிட்டோம். ஆறு இடத்துக்குக் காசு வாங்கி ஐந்தரை இடம் காட்டியதற்கு ஒருவர்கூடச் சண்டை போடவில்லை. இறங்கும்போது கருத்துப் படிவம் கொடுத்தார்கள். 'உங்களுக்கு மிகவும் பிடித்த இடம் எது?' கலைச்செல்வி படிவங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பாதிப் பேர் 'அக்கா வீடு' என்று எழுதியிருந்தார்களாம். ராஜா கட்டிய கோயில் இரண்டாம் இடம்.

வசந்தா என்ன எழுதினாள் என்று கேட்டேன். காட்ட மறுத்துவிட்டாள்.

பிழை வந்தால் பத்திரிகைகள் திருத்தம் வெளியிடுவது வழக்கம். என் பத்தியில் இதுவரை ஒரு திருத்தமும் வந்ததில்லை. இப்போது ஒன்று.

திருத்தம்: இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பக்கத்தில் 'தூரத்து உறவினர்' என்று வந்ததை, 'என் கூடப்பிறந்த அக்கா ராஜேஸ்வரி' என்று திருத்திப் படிக்கவும்.