மூஃபெத் தின்ற சோறு

ஒரு கிழமையாகப் பஸ்ஸில் என் பக்கத்துச் சீற் காலியாகவே இருக்கிறது. உட்கார வருகிறவர்கள் மூக்கைச் சுளித்துவிட்டுப் பின்னால் போய் நிற்கிறார்கள். மொன்ட்ரியாலுக்கு வந்து ஆறு வருடமாக என்னை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது பஸ்ஸே பார்க்கிறது. எல்லாம் மூஃபெத் செய்த வேலை. பிரெஞ்சில் அதுதான் பெயர், ஆங்கிலத்தில் ஸ்கங்க். பூனையளவு கறுப்பு உருவம், திருநீறு பூசியது போல முதுகில் இரண்டு வெள்ளைக் கோடு. வாலைத் தூக்கி நாற்றநீரைப் பீய்ச்சினால் தொலைந்தோம்.

பிழை என்னுடையதுதான். யாழ்ப்பாணத்தில் என் மனைவி சாந்தா சனிக்கிழமை விரதத்தை விடவே மாட்டாள். வைத்த சோற்றைக் காகம் எடுக்கும்வரை வீட்டில் ஒருவருக்கும் சாப்பாடு கிடையாது. அவளை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் பேப்பருக்குக் காத்திருந்த நாட்களில் ஃபோனில் கேட்டாள்.

“இஞ்சாருங்கோ, அங்கை காகம் இருக்கோ?”

“இருக்கு. கூப்பிட்டா வராது.”

“உங்களுக்குக் கூப்பிடத் தெரியேல்லை. நான் வந்து கூப்பிடுறன், பாருங்கோ.”

பேப்பர் சரிவந்தது. அதற்கு முதலே அவள் போய்விட்டாள். செத்தவீட்டுக்குக்கூட என்னால் போக முடியவில்லை.

முதலாவது திவசத்தன்று மொன்ட்ரியால்-நோர் பகுதியில் நான் இருக்கும் கீழ்வீட்டின் பின்படியில் சோறும் கத்தரிக்காய்க் கறியும் வைத்தேன். காகம் வரவில்லை. பசியோடு படுத்து, விடிய எழும்பிப் பார்த்தால் தட்டு வழித்துத் துடைத்துக் கிடந்தது. “வந்திட்டியே சாந்தா” என்று அந்தப் படியிலேயே இருந்து அழுதேன். பிறகு சனிக்கிழமை தவறாமல் வைத்தேன். பனிக்காலத்தில் மட்டும் தட்டு அப்படியே கிடக்கும். குளிர் அவளுக்குப் பழக்கமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அசட்டுத்தனம்தான். ஆனால் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் சாப்பிட்டோம்.

போன சனிக்கிழமை, இருட்டுப்படும் மைம்மல் பொழுதில் தட்டு உரசும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். மூஃபெத்! “சூ! அது அவளின்ரை சோறு!” என்று கையைத் தட்டினேன். அது வாலைத் தூக்கியது. கண் எரிந்தது, நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது. ஐயோ, அதையெல்லாம் தாங்கலாம். இவ்வளவு நாளும் அவள் வரவேயில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மேல்வீட்டு மதாம் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்து, யாருக்கு இந்தச் சாப்பாடு என்று கேட்டார். “பூர் மா ஃபாம்” என்றேன். என் மனைவிக்கு என்று அர்த்தம். அவர் முகம் இளகியது. அப்படியென்றால் உங்கள் மதாமிடம் சொல்லுங்கள், வீட்டுக்குள்ளேயே இருந்து சாப்பிடட்டும் என்றார். இறந்துவிட்டாள் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பிரெஞ்சு தெரியும். சொல்ல மனம் வரவில்லை. “வீ, மதாம்” என்று ஆமாம் போட்டேன்.

இன்று சனிக்கிழமை. தட்டை உள்ளே, யன்னலோரமாக மேசையில் வைத்திருக்கிறேன். எடுக்க ஒன்றும் வராது. எடுக்காமல் நான் எப்படிச் சாப்பிடுவது? இரண்டு மணியாகிவிட்டது. கடைக்குப் போகப் படியிறங்கி வந்த மதாம் யன்னலுக்கு நேரே நின்று கையசைத்தார்: எனக்கு ஒருதரம், உள்ளே இருக்கிற சாந்தாவுக்கு ஒருதரம்.