பன்னக்காவின் கோடு

பன்னக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. பேக்கரி நடத்தித் தெருவுக்கே பன் விற்கிறவருக்குச் சர்க்கரை நோய். இந்த வேடிக்கையை எங்கே போய்ச் சொல்வது! கையில் ஒட்டியிருக்கும் சின்ன வில்லை, சர்க்கரை அளவை ஓயாமல் கைப்பேசிக்கு அனுப்பும். அங்கே அது ஏறி இறங்கும் ஒரு கோடாகத் தெரியும். லாரி ஓட்டப் போன கணவரின் கைப்பேசியிலும் அதே கோடு தெரியும்.

அந்த நாட்களை நினைத்தால் அக்காவுக்கு இன்றும் முகம் மலர்ந்துவிடும். எங்கோ டீசல் போட நின்ற இடத்திலிருந்து போன் வரும்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு, ஆச்சு."

"பொய் சொல்லாத. கோடு கீழ போகுது. மொதல்ல ஏதாச்சும் வாயில போடு."

சண்டை வந்தால்தான் கூத்து. அவராகப் பேசமாட்டார், அக்காவும் இறங்கி வரமாட்டார். தலைக்கு மேல் வேலை இருப்பதுபோல் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவார். கோடு இறங்கும். எச்சரிக்கை மணி அடிப்பதற்குள் போன் வந்துவிடும். உயிரோடு விளையாடுகிற காரியம்தான். ஆனால் சமாதானத்துக்கு அக்காவுக்கு வேறு வழி தெரியவில்லை.

கடைசிச் சண்டை ஒரு சோபாவால் வந்தது. கேட்காமல் கொள்ளாமல் வாங்கி வந்துவிட்டார் மனுஷன். அது வீட்டுக் கதவுக்குள் நுழையவில்லை. கடையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். "கதவ அளந்து பாக்கணும்னுகூடவா தோணல?" என்று அக்கா எல்லார் முன்னாலும் கேட்டதில் பேச்சு நின்றது. அவர் லாரியோடு கிளம்பிப் போனபின், அக்கா வழக்கம்போலச் சாப்பிடாமல் இருந்தார். கோடு இறங்கியது. போன் வரவில்லை. கை நடுங்கத் தொடங்கியதும் ஒரு பன்னைப் பிய்த்து வாயில் திணித்துக்கொண்டு அழுதார். மறுநாள், சரக்கு இறக்கிய இடத்திலேயே அவர் மாரடைப்பில் போய்விட்டார்.

அன்று அவர் கோட்டைப் பார்த்தாரா, இல்லை வெறுத்தேபோய் விட்டுவிட்டாரா? இந்தக் கேள்வி மாதக்கணக்கில் அக்காவை அரித்துத் தின்றது. செயலியோ சமீபத்திய மாதங்களை மட்டும்தான் காட்டும். "பழசெல்லாம் கம்பெனிகிட்ட இருக்கும்மா. யாரு எப்பப் பாத்தாங்கங்கறதுகூட இருக்கும்" என்றாள் மகள்.

அக்கா வில்லைக் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"சுருக்கம் அனுப்பறோம் மேடம்" என்றது மறுமுனை.

"சுருக்கத்த வெச்சு நான் என்னம்மா பண்ண? ஒடம்பு என்னுது, குத்து வாங்கினதும் நானு. முழுசா குடுங்க."

அந்தப் படிவம் என்றார்கள், இந்த அனுமதி என்றார்கள். கம்பெனி கொடாக்கண்டன் என்றால் அக்கா விடாக்கண்டன். ஒருவழியாக எல்லாம் வந்து சேர்ந்தது.

கடை ஓய்ந்த நேரத்தில் இருவரும் அந்தச் சோபாவிலேயே உட்கார்ந்தார்கள். மகள் மடிக்கணினியில் தேடித் தேடி அந்த நாளுக்கு வந்தாள். திரையை மேலும் கீழுமாக நகர்த்திப் பார்த்தாள்.

"என்னடி? பாக்கலியா?"

"அப்பா காலைலேருந்து பாத்துக்கிட்டே இருந்திருக்காரும்மா. கோடு எறங்க எறங்க, திரும்பத் திரும்ப. நீ சாப்பிட்டு அது ஏறினப்புறம் ஒரு தடவ. அதோட நிறுத்திட்டாரு."

அக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "கல்லுளிமங்கன்! ஒரு போன் பண்ணியிருந்தா கொறஞ்சா போயிருப்பாரு?"

சோபாவின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு குரல் உடைந்தது.

"தெரியாமப் போச்சேடி. இப்படித் தவிச்சுக்கிட்டு இருந்தாருன்னு தெரிஞ்சிருந்தா, முன்னாடியே சாப்பிட்டிருப்பேனே."