நைனா கழுவிய இன்ஜின்

பாவா எனக்கு எந்தக் கெடுதலும் செய்தவர் அல்ல. என் கடுப்பே அதுதான். அக்காவை நன்றாக வைத்திருந்தார். சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் என் தோளில் கை போட்டு, மச்சான் மச்சான் என்று பேசுவார். அப்படிப்பட்டவரைத் திட்டவும் முடியாது, வயிறு எரியாமல் இருக்கவும் முடியாது.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு ஆயுத பூஜைக்கு முதல் நாள், சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் வந்து இறங்கினார். யாரிடமோ வாங்கிய பழைய வண்டி. இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உடம்பு. பள்ளிப்பட்டு சாலையிலிருந்த எங்கள் வீட்டு வாசலில் தெருவே கூடிவிட்டது. என் அப்பா, நைனா, அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மறுநாள் அதை முருகன் கோயில் மலைக்கு ஓட்டிப் போய்ப் பூஜை போடுவது, முன் சீட்டில் தான் உட்காருவது என்று அவரே முடிவு செய்துவிட்டார். நான் டிராக்டர் வாங்கிவந்த அன்று, "டீசல் ரொம்ப குடிக்குமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனவர் அவர்.

காலையில் கார் கிளம்பவில்லை. எனக்குப் பாயசம் குடித்தது போல இருந்தது.

பாவா சாவியைத் திருகத் திருக செல்ஃப் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. நைனா நெற்றி நிறைய விபூதியும் புது வேட்டியுமாகக் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ கொஞ்சம் பாருடா" என்றார் என்னிடம். வீட்டில் எந்த மோட்டார் நின்றாலும் அப்போதுதான் என் ஞாபகம் வரும் அவருக்கு.

பெட்ரோல் கார்புரேட்டர் வரை வந்திருந்தது. ஒரு பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்து, பாவாவை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பொறி இல்லை. காயிலிலிருந்து வரும் ஒயரை இன்ஜின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அங்கே பொறி பளிச்சென்று அடித்தது. அப்படியென்றால் கோளாறு நடுவில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரில். அதன் மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. கழற்றினால் உள்ளே தண்ணீர்.

"இத யாரு கழுவுனது?"

"நான்தான், வெடிகாலைல. இன்ஜின கழுவாம பொட்டு வெப்பாங்களா?" என்றார் நைனா.

பக்கெட் பக்கெட்டாக ஊற்றியிருக்கிறார். எல்லோரும் தூங்கும்போது, இந்த வயதில், தானே சுமந்து.

"என் டிராக்டர என்னைக்காவது கழுவிகிறியா நைனா?"

"அது உன் வண்டி. நீ கழுவிக்குவ."

"அப்ப இது உன் வண்டியா?"

பாவா குறுக்கே வந்து, "வுடு மச்சான், மாமா ஆசையா செஞ்சிகிறாரு" என்றார். அந்த ஆசை என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. நியாயமாகப் பார்த்தால் அவர்மேல் கோபப்பட ஒன்றுமே இல்லை, அதனால் இன்னும் கோபம் வந்தது.

மூடியை உள்ளும் புறமும் துடைத்து வெயிலில் காய வைத்தேன். நைனா வைத்த பொட்டைத் தேவைக்கு மேலேயே அழுத்தித் துடைத்தேன். மாட்டியதும் முதல் திருகிலேயே கார் உறுமியது. நைனா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அது பாவாவைப் பார்த்துச் சிரித்தது.

அக்கா பழத்தட்டோடு பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தாள். நைனா முன்னால் ஏறி, கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்பேனரு, துணி எல்லாம் எடுத்துகினு பைக்ல பின்னாலயே வா. நடுவுல நின்னுட்டா மாப்ள பாவம்."

போனேன். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும், முருகா, இங்கேயாவது நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். நின்றால் நைனா இறங்கி என்னைத்தான் தேடுவார்.

நான் ரிப்பேர் பார்த்த வண்டி. கோயில் வாசல் வரை ஒரு தடவைகூட நிற்கவில்லை.